மூன்று வயதுக் கைக்கு ஒற்றைக்கோட்டுக் கொப்பி வேண்டாம்

வட மாகாணத்தில் முன்பள்ளிகளுக்குப் பொறுப்பான கல்வி அதிகாரிகளுக்கும், யாழ்ப்பாண மாவட்டத்தில் முன்பள்ளி நடத்தும் சனசமூக நிலையங்கள், மாதர் சங்கங்கள், கோயில், தேவாலய நிர்வாகங்களுக்கும்,

வணக்கம்.

விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியில் 'அ' எழுதுவிக்கிறோம். பென்சில் இல்லை, கோடு இல்லை. பிழைத்தால் தட்டை ஒருதரம் குலுக்கினால் போதும். மூன்று வயதுக் கைக்கு எது ஏற்றது என்பதில் அந்தச் சடங்கு சரியாகவே இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை அதே பிள்ளையிடம் ஒற்றைக்கோட்டுக் கொப்பியையும் மெல்லிய பென்சிலையும் கொடுத்து, பக்கம் முழுக்க 'அ' எழுதச் சொல்கிறோமே, பிழை அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கொப்பியை நாலரை வயது வரையாவது தள்ளிவையுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் எலும்பு இல்லை, வளையக்கூடிய மென்மையான கசியிழையம்தான் இருக்கிறது. அங்கே அமைய வேண்டிய 8 சிறு எலும்புகளில் மூன்று வயதில் எக்ஸ்-ரேயில் தெரிபவை பெரும்பாலும் மூன்று அல்லது நாலு. கடைசி எலும்பு தெரிய 8 வயதுக்கு மேல் ஆகும். எலும்பு மட்டும் காரணமல்ல. அசைவின் மீதான கட்டுப்பாடு தோளில் தொடங்கி, முழங்கை, மணிக்கட்டு என்று இறங்கிக் கடைசியாகத்தான் விரல் நுனிக்கு வருகிறது. ஒன்பது, பத்து மாதத்தில் குழந்தை பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒரு சோற்றுப்பருக்கையைப் பொறுக்கும். ஆனால் அதே இரண்டு விரல்களால் பென்சிலை ஓட்டுவதற்கு இன்னும் நாலைந்து வருடம் வேண்டும். ஒரு வயதுப் பிள்ளை பென்சிலை முட்டியாகப் பொத்திப் பிடிக்கும். இரண்டு, மூன்று வயதில் விரல்கள் எல்லாம் கீழ்நோக்கி இருக்க, முழங்கையிலிருந்து கிறுக்கும். மூன்றரை, நாலு வயதில் மூன்று விரல் பிடி வந்தாலும் கைதான் அசையும், விரல் அசையாது. விரல்கள் தாமாக அசைந்து எழுதுவது பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதில்.

வடிவங்களுக்கும் ஒரு வரிசை உண்டு. பார்த்து வரைவதில் நிலைக்கோடும் கிடைக்கோடும் வட்டமும் மூன்று வயதையொட்டி வரும். கூட்டல் குறி நாலில், சதுரம் நாலரையில், சாய்ந்த கோடுகள் குறுக்கிடும் பெருக்கல் குறி ஐந்துக்கு அருகில், முக்கோணம் ஐந்துக்குப் பிறகு. சில மாதம் முன்பின்னாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது 'அ'வைப் பாருங்கள். சுழியில் தொடங்கி, வளைந்து இறங்கி, திரும்பி, குறுக்கே ஓடி, நேர்கோட்டில் முடிகிறது. கை எடுக்காமல் இத்தனை திசைமாற்றம். அகரவரிசையில் முதலாவது என்பதற்காக எழுதுவதிலும் அதையே முதலாவதாக வைத்திருக்கிறோம். சொல்லவும் பாடவும் அகரவரிசை இருக்கட்டும். எழுத 'ட'வில் தொடங்குங்கள்: ஒரு கோடு கீழே, ஒரு கோடு வலப்புறம். அடுத்து 'ப', அடுத்து 'ம'. இந்த மூன்றோடு புள்ளியும் தெரிந்தால் படம், மடம், மட்டம், பட்டம் எழுதலாம். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் பார்த்த பிள்ளைக்கு அந்தச் சொல்லை எழுத ஒரு காரணமும் இருக்கும். 247 எழுத்துகளையும் முன்பள்ளியிலேயே முடிக்க வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை.

கை தயாராகாமல் எழுத வைத்தால் பிள்ளை எழுதாமல் விடாது. வேறு வழி கண்டுபிடிக்கும். பெருவிரலை மற்ற விரல்களுக்கு மேலால் சுற்றி இறுக்கும், தோளைத் தூக்கும், தாள் கிழிய அழுத்தும். எழுத்தைக் கீழிருந்து மேலே எழுதும். முடிந்த எழுத்து சரியாகத் தெரிவதால் கொப்பி திருத்துபவருக்கு அது எப்படி எழுதப்பட்டது என்பது தெரியாது. ஒரு வருடம் பழகிய பிடியைத் தரம் 2இல் மாற்றப் பார்த்தால் பிள்ளையும் அழும், ஆசிரியரும் களைப்பார். எழுத்துக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் திரும்பி விழுவது மட்டும் ஏழு வயது வரை சாதாரணம். அதற்குச் சிவப்புப் பேனை வேண்டாம்.

அதற்குப் பதிலாக என்ன செய்வது? பெரும்பாலானவை வீட்டிலும் வளவிலும் கிடைப்பவைதான். முருங்கையிலை உருவுதல், அவித்த பனங்கிழங்கின் தும்பு உரித்தல், பனையோலைக் கீற்றுப் பின்னுதல், உடுப்புக் கிளிப்பைக் கயிற்றில் மாட்டுதல், ஈரத் துணி முறுக்கிப் பிழிதல். மாவுருண்டைக்கு 2 கப் கோதுமை மா, 1 கப் உப்பு, 1 மேசைக்கரண்டி எண்ணெய், முக்கால் கப் அளவில் தண்ணீர். தண்ணீரைக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டுப் பிசைந்து, மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். கச்சான், புளியங்கொட்டை, மணி போன்றவற்றைத் தவிருங்கள். மூக்கில் வைப்பதும் விழுங்கிப் புரைக்கேறுவதும் இந்த வயதில்தான்.

கரும்பலகையைப் பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறக்கி, வெண்கட்டியை ஓரங்குலத் துண்டுகளாக உடைத்துக் கொடுங்கள். துண்டு சின்னதாக இருந்தால் முட்டியாகப் பிடிக்க இடமில்லை, மூன்று விரல் தானாக வரும். நின்று மேலே எழுதும்போது தோளும் மணிக்கட்டும் பலப்படும். செலவே இல்லாத இந்த ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும். 1907இல் உரோமில் தன் முதல் பாலர் இல்லத்தைத் தொடங்கிய மரியா மொண்டிசோரியும் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழக வைத்தவர்தான். அவருடைய பெயரை முன்பள்ளியின் பெயர்ப்பலகையில் எழுதிவிட்டு உள்ளே கொப்பி அடுக்குவதற்கு அவர் பொறுப்பல்ல.

கதிரைகளையும் ஒருதரம் பாருங்கள். கால் அந்தரத்தில் தொங்கும் பிள்ளை விழாமல் இருக்கவே தன் பலத்தைச் செலவழிக்கும். பாதம் முழுதாக நிலத்தில் பட வேண்டும், மேசை முழங்கை மட்டத்துக்கு இரண்டு விரல் உயரத்தில் இருக்க வேண்டும். கதிரையின் உயரம் கூடினால் காலடியில் ஒரு பலகைப் பெட்டி வையுங்கள்.

இடக்கைப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பத்தில் ஒருவர் அளவில் இடக்கைக்காரர். சோற்றுக்கை வலக்கையாக இருக்கட்டும், அது வீட்டு வழக்கம். எழுதும் கையை மாற்றாதீர்கள். தாளை உடலின் இடப்பக்கமாக வைத்து, இடது மேல் மூலை உயர்ந்திருக்கச் சரித்து, பென்சிலை நுனியிலிருந்து ஓரங்குலத்துக்குச் சற்று மேலே பிடிக்கப் பழக்குங்கள். வாங்கில் இடது ஓரத்தில் இருத்தினால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையில் இடிக்காது. ஒன்றரை வயதுக்கு முன்னரே ஒரு கையை மட்டும் பாவித்து மற்றதை விட்டுவிடும் குழந்தை வேறு விடயம். அதை இடக்கைப் பழக்கமென்று விடாமல், குடும்ப நல உத்தியோகத்தர் மூலம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்ப வேண்டும். நாலு வயது கடந்தும் வட்டம் வரைய முடியாத பிள்ளையையும் அப்படியே.

பெற்றோர் கேட்கிறார்கள், பக்கத்து முன்பள்ளியில் 'ஔ' வரை எழுதிவிட்டார்கள் என்கிறார்கள் என்று நிர்வாகங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. தரம் 5 புலமைப்பரிசிலின் நிழல் மூன்று வயது வரை நீண்டுவிட்டது. தனியொரு முன்பள்ளி ஆசிரியர், அதுவும் கையில் கிடைக்கும் கொடுப்பனவோடு, அதை எதிர்த்து நிற்க முடியாது. ஆகவே முடிவு மேலிருந்து வர வேண்டும். மேற்பார்வைக்கு வருபவர்கள் கொப்பியைக் கேட்பதை நிறுத்தி, பிள்ளை வெண்கட்டி பிடிப்பதைப் பத்து நிமிடம் பார்க்கட்டும். தவணைப் பரீட்சை வைத்து முதலாம், இரண்டாம் பிள்ளை என்று இடம் போடுவதற்குத் தடை வரட்டும். சனவரியில் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது கொடுக்கும் பொருட்பட்டியலில் ஒற்றைக்கோட்டுக் கொப்பியை வெட்டிவிட்டு, கோடில்லாத வரைதல் கொப்பி ஒன்றும், தடித்த மெழுகு வர்ணக்கட்டிப் பெட்டி ஒன்றும் என்று எழுதுங்கள். பட்டியல் அச்சுக்குப் போகுமுன் இந்த மாற்றம் எல்லா முன்பள்ளிகளுக்கும் ஒரே சுற்றறிக்கையாகப் போக வேண்டும்.

இப்படிக்கு,
முன்பள்ளிப் பருவப் பிள்ளைகளோடு வேலை செய்யும் ஆசிரியர்களும் தொழில்வழிச் சிகிச்சையாளர்களும்
யாழ்ப்பாணம்