சிப்பி அச்சோடு முடிந்துவிடும் புதைபடிவப் பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதைபடிவம் என்றாலே சிறு பிள்ளைகளுக்குச் செய்துகாட்டுவது பெரும்பாலும் ஒன்றுதான்: களிமண்ணில் சிப்பியை அழுத்துவது, குழியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றுவது, இறுகியதும் பிரித்தெடுப்பது. பிள்ளைகள் விரும்பிச் செய்கிறார்கள், நல்லதுதான். ஆனால் பாடம் அத்தோடு நின்றால், 'மண்ணுக்குள் கிடந்த எலும்பு காய்ந்து காய்ந்து கல்லாகிவிட்டது' என்ற எண்ணமே அவர்கள் மனத்தில் தங்கிவிடுகிறது. கூடவே இன்னும் இரண்டு வேலைகள் செய்தால் போதும், அது மாறிவிடும்.

முதலில் சிப்பி அச்சையே சரியாகச் செய்வோம். களிமண் 2 செ.மீ. தடிமனாவது இருக்கட்டும். சிப்பியின் வரியோடிய வெளிப்பக்கத்தில் வாசலின் தடவி, அந்தப் பக்கம் கீழே இருக்குமாறு அழுத்தி எடுக்க வேண்டும். சுருண்ட நத்தை ஓடு வேண்டாம். அதன் வளைவு மண்ணைக் கவ்விக்கொண்டு, எடுக்கும்போது அச்சையும் பிய்த்துவிடும். ஒரு பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு பிளாஸ்டரைத் தூவ வேண்டும். மாவில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழ் புகுந்து, சிப்பியின் வரி தெரிய வேண்டிய இடத்தில் ஓட்டை விழும். தண்ணீர் கூடிப்போனால் வார்ப்பு விரல் பட்டாலே உதிரும். ஈரம் குடித்த பழைய மாவு இறுகவே செய்யாது. மாவுத் தூசி பறக்கும் என்பதால் கலக்குவது பெரியவர்கள் வேலை. இறுகும்போது பிளாஸ்டர் நன்றாகச் சூடேறும். கை அச்சு எடுக்கிறோம் என்று பிள்ளைகளின் கையை அதில் புதைப்பது ஆபத்து, தோல் வெந்துவிடும். மிஞ்சியதைத் தொட்டியில் கொட்டினால் குழாயிலேயே கல்லாகிவிடும்.

பிரித்தெடுத்த பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: 'இதில் சிப்பி எங்கே?' மண்ணில் உள்ள குழி அச்சு, பிளாஸ்டர் வார்ப்பு. சிப்பி இரண்டிலும் இல்லை. ஓடு கரைந்துபோய், அது கிடந்த வடிவம் மட்டும் பாறையில் எஞ்சுவது இயற்கையிலும் நடக்கிறது.

எலும்பின் கதை வேறு. அதற்கு ஒரு ஸ்பாஞ்ச் போதும். விரல் தடிமனில் எலும்பு வடிவமாக இரண்டு துண்டு வெட்டுங்கள். 100 மி.லி. வெதுவெதுப்பான நீரில் 30 கிராம் உப்பைக் கரைத்து, ஒரு துண்டை அதில் ஊறவைத்துத் தட்டையான தட்டில் காயவிடுங்கள். காய்ந்ததும் மறுபடி ஊறவையுங்கள். மூன்று முறை செய்தால் நல்லது. ஆழமான பாத்திரத்தில் அப்படியே விட்டால் உப்பு அடியில் தங்கிவிடும், தடித்த ஸ்பாஞ்ச் உள்ளே காயாது. சில நாளில் அது விறைத்துக் கனத்துவிடும். ஊறவைக்காத துண்டையும் இதையும் இரண்டு கைகளில் கொடுத்துப் பாருங்கள், விளக்கமே தேவைப்படாது. நிலத்தடி நீர் கொண்டுவரும் தாதுக்கள் எலும்பின் நுண்துளைகளில் படிவதும் இப்படித்தான். ஸ்பாஞ்ச் உள்ளேயே இருப்பதுபோல, பழைய எலும்பின் பொருளும் பல புதைபடிவங்களில் மிச்சமிருக்கிறது.

அடுத்தது காலம். 'கோடி' என்ற சொல் ஆறு வயதுப் பிள்ளைக்கு வெறும் ஓசை. 46 மீட்டர் கயிறு ஒன்றை மைதானத்தில் நீட்டுங்கள். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு. ஒரு முனை பூமி பிறந்த நாள், மறுமுனை இன்று. இன்றைய முனையிலிருந்து ஏறக்குறைய 35 மீட்டரில் நுண்ணுயிர்களுக்கு ஒரு துணி முடிச்சு; 5.4 மீட்டரில், கடலில் பல வகை விலங்குகள் பெருகிய கேம்பிரியக் காலத்தின் தொடக்கம்; ட்ரைலோபைட்டுகள் என்னும் ஓடுடைய பழங்காலக் கடல் விலங்குகள் வருவது அதற்குச் சற்றுப் பின்னர்; 2.3 மீட்டரை ஒட்டி முதல் டைனோசர்கள், 66 செ.மீ.யில், பறவைகளைத் தவிர, அவற்றின் முடிவு. நம் மனித இனத்துக்குக் கிடைப்பது கடைசி 3 மில்லிமீட்டர், முடிச்சுப் போடவே இடமில்லை. டைனோசர்களில் ஸ்டெகோசாரஸ் நிற்பது 150 செ.மீ. அருகில், டைரனோசாரஸ் 68 செ.மீ.க்கு இப்பால். படங்களில் சண்டை போடும் அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, டைரனோசாரஸுக்கும் நமக்கும் உள்ளதைவிடப் பெரியது. கயிற்றின் மேல் நடக்கும் பிள்ளை இதைத் தானே சொல்லிவிடும்.

கடைகளில் விற்கும் 'தோண்டி எடு' பெட்டிகள் மீது எங்களுக்குப் பெரிய மதிப்பில்லை. அவற்றில் எலும்புக்கூடு முழுசாக வருகிறது. நிலத்தில் அப்படிக் கிடைப்பது அபூர்வம். ஓர் எலும்புக்கூட்டுப் படத்தைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி, ஐந்தை ஒளித்துவிட்டு, மீதியை மணலில் புதைத்துக் கொடுங்கள். தலை கிடைக்காத விலங்குக்கு என்ன தலை வரைவது என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். பல், கால் அமைப்பு ஆகியவற்றிலிருந்து ஊகிப்பதுதானே தொல்லுயிரியலாளர் வேலையும்?

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுவர் பக்கத்தில் தொல்விலங்கின் படம் வெளியிடும்போது, அது வாழ்ந்த காலத்தையும் கீழே ஒரு வரியில் அச்சிடுங்கள். கயிற்றில் அதன் இடத்தைப் பிள்ளைகளே தேடிக் கட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர்கள் சிலர்