காத்மாண்டுவில் பார்க்க ஒன்றுமில்லையா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முக்திநாத் யாத்திரை பற்றித் தங்கள் இதழின் பயணப் பகுதியில் வந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். காத்மாண்டுவில் பசுபதிநாதரைத் தரிசித்த பிறகு உடனே ஊர் திரும்பிவிடலாம், பழைய சதுக்கங்களெல்லாம் பூகம்பத்தில் போய்விட்டன என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. அதே யாத்திரையை முடித்துவிட்டு அங்கே இரண்டு நாள் தங்கியவன் என்ற முறையிலும், அரசுக் கட்டடப் பணிகளில் வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும் அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

2015 ஏப்ரல் 25 அன்று நண்பகலுக்குச் சற்று முன் வந்த 7.8 அளவிலான நிலநடுக்கமும், மே 12 அன்று வந்த அடுத்த பெரிய நிலநடுக்கமும் நேபாளத்தில் ஏறத்தாழ 9,000 பேரின் உயிரைக் குடித்தன. காத்மாண்டு என்ற பெயருக்கே காரணமான காஷ்டமண்டபம், அதாவது மர மண்டபம், முதல் நிலநடுக்கத்தன்று ரத்த தான முகாம் நடந்துகொண்டிருந்த வேளையில் சரிந்து, உள்ளே இருந்தவர்களில் சிலரையும் பலி கொண்டது. பின்னர் அங்கே அகழ்ந்து ஆராய்ந்த தொல்லியலாளர்கள், 7ஆம் நூற்றாண்டு வரை பழமையான அதன் அஸ்திவாரம் உறுதியாகவே இருந்ததையும், நடுவில் நின்ற நான்கு பெருந்தூண்களுள் ஒன்றுக்கு மட்டும் அடிக்கல் இல்லாமல் போயிருந்ததையும் கண்டறிந்தார்கள். முன்னோர் கட்டியதில் குறையில்லை, பிற்காலத்துப் பழுதுபார்ப்பில்தான் கோளாறு என்று படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. எத்தனையோ பழைய கட்டடங்களில் நாங்களும் அடியில் இருப்பதைச் சரிபார்க்காமல் அவசர அவசரமாகத் தரையை மூடியிருக்கிறோம். இன்று அந்த மண்டபம் உள்ளூர் மக்களின் முயற்சியால் பழைய முறையிலேயே மீண்டும் எழுந்து நிற்கிறது.

ராணி போகரி குளத்தின் கதையும் இதைப் போன்றதுதான். 17ஆம் நூற்றாண்டில், மகனை இழந்த அரசியின் துயரத்தை ஆற்றுவதற்காகப் மன்னன் பிரதாப மல்லன் வெட்டிய அக்குளத்தைப் புதுப்பிக்கையில் கான்கிரீட் போடத் தொடங்கினார்கள். ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். வேலை நின்றது, பிறகு செங்கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல் தூளும் கொண்டு மரபுப்படி 2020இல் முடிந்தது. பூகம்பத்தில் விழுந்த தரஹரா கோபுரத்துக்குப் பதிலாகக் கான்கிரீட்டில் கட்டப்பட்ட புதிய கோபுரத்தையும் பார்த்தேன். அதன் பக்கத்திலேயே விட்டுவைத்திருக்கும் பழைய கோபுரத்தின் அடிப்பகுதி என் மனத்தைத் தொட்ட அளவுக்குப் புதிய கோபுரம் தொடவில்லை.

ஆனால் நான் முக்கியமாக எழுத நினைத்தது பக்தபூரைப் பற்றி. காத்மாண்டுவுக்குக் கிழக்கே 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இந்த ஊருக்கு எங்களை அழைத்துச் சென்ற யாத்திரை ஏற்பாட்டாளர் ஒதுக்கியது முக்கால் மணி நேரம். மறுநாள் நானும் என் மனைவியும் தனியே மீண்டும் சென்றோம். 1702இல் பூபதீந்திர மல்லன் எழுப்பிய ஐந்தடுக்கு நியாதபோலா கோயில், 1934இன் பெரும் பூகம்பத்தையும் 2015ஐயும் தாங்கி நிற்கிறது. வத்சலா துர்கையின் கற்கோயிலோ அன்று அடியோடு விழுந்து, இப்போது மறுபடியும் எழுந்திருக்கிறது. ஜெர்மானிய உதவி நிதியின் நிபந்தனைகள் ஊர் வழக்கத்துக்கு ஒத்துவராதபோது, அதை வேண்டாமென்று சொன்ன நகராட்சி இது. நம்மைப் போன்ற பயணிகளிடம் வாங்கும் நுழைவுக் கட்டணமும் இப்பணிகளுக்குப் பயன்பட்டிருக்கிறது. இந்தியர் என்பதால் எங்களுக்குத் தலைக்கு 500 நேபாள ரூபாய். கொடுத்ததில் சிறிதும் வருத்தமில்லை.

ஒரு சந்தில் தச்சர் ஒருவர் கோயில் கூரையைத் தாங்கும் சாய்கட்டை ஒன்றை மடிமேல் சாய்த்து வைத்துச் செதுக்கிக்கொண்டிருந்தார். கட்டையின் மேற்பாதி புகையேறிக் கறுத்த பழைய மரம், கீழ்ப்பாதி வெளிர் நிறத்துப் புதிய மரம். அதில் செதுக்கிய தேவி உருவத்தின் இடுப்புவரை பழையதாகவும் அதற்குக் கீழே மடிப்புச் சேலை புதியதாகவும் இருந்தது. இரண்டும் சேரும் இடத்தில் என்னால் நகக்கண் நுழைக்க முடியவில்லை. உடைந்ததைத் தூக்கி எறிந்துவிட்டு முழுவதும் புதிதாகச் செய்வது எளிதல்லவா என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பழைய பாதியை உள்ளங்கையால் ஒருமுறை தடவிக் காட்டினார். பக்கத்து வாசலில் காரை அரைத்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்போடு செங்கல் தூளும் உளுந்தும் வெல்லமும் சேரும் என்றார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துச் சுண்ணாம்புக் காரை அரைத்த ஊர்க்காரனுக்கு அந்த வாசனை புதிதல்ல.

இன்னும் எல்லாம் முடிந்துவிடவில்லை. மூங்கிலும் மரமும் முட்டுக்கொடுத்து நிற்கும் வீடுகளைப் பல தெருக்களில் கண்டேன். அதனால்தான் இப்போதே போய்ப் பார்க்க வேண்டும் என்கிறேன்; முட்டுக்கட்டைகளை அகற்றிய பிறகு, வேலை நடக்கும் விதத்தை யாரும் காண முடியாது.

யாத்திரை ஏற்பாட்டாளர்கள் பக்தபூருக்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும் என்றும், தங்கள் பயணப் பகுதியில் இந்த ஊரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.