ரேடியோ நெல் விதைத்தவர்களைப் பேச வையுங்கள்

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்புப் பிரிவினருக்கு,

வணக்கம்.

கும்பகோணம் பக்கம் குறுவையும் (குறுகிய கால முதல் போகம்) தாளடியும் (அதை அறுத்த பின் போடும் இரண்டாம் போகம்) போடும் குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு நெல் ரகத்துக்கு வானொலியின் பெயரையே வைத்துக் கூப்பிட்ட மண் இது. ஆடுதுறை 27 என்பது அதன் அலுவலகப் பெயர். அதை ‘ரேடியோ நெல்’ என்றுதான் எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். வேளாண் அதிகாரி ஊருக்குள் வந்து சொல்வதற்கு முன்பே ரேடியோ சொல்லிவிட்டதாம்.

ஜப்பானிய நோரின் 10 நெல்லையும் நம்மூர் ஜி.இ.பி. 24 நெல்லையும் இனக்கலப்பு செய்து எடுத்த ரகம் அது. 105 நாளில் கதிர் சாய்ந்துவிடும். மேட்டூர் தண்ணீரை நம்பிக் குறுவை போட்டு, அதே வயலில் தாளடியும் எடுக்கிறவனுக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு. எப்போது நாற்று விட வேண்டும், எத்தனை நாள் நாற்றைப் பறிக்க வேண்டும், மேலுரம் எப்போது போட வேண்டும் என்பதெல்லாம் தவறாமல் தெரிந்தாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அதைக் காதில் போட ரேடியோ ஒன்றால்தான் முடிந்தது. 1966இல் அகில இந்திய வானொலி பண்ணைக்கும் வீட்டுக்குமான ஒலிபரப்புப் பிரிவுகளைத் தொடங்கியபோது முதலில் வந்த நிலையங்களில் திருச்சியும் ஒன்று.

என் பெரியப்பா ரேடியோவைத் திண்ணையில் நெல் மூட்டை மேல் வைப்பார். செல் தீரும் நிலையில் இருந்தால் மத்தியானமே அதை வெயிலில் காயப் போட்டுவிடுவார், சாயங்கால நிகழ்ச்சி வரைக்குமாவது தாங்கட்டுமே என்று. எதிர் வீட்டுக்காரர், வாய்க்கால் முறை பார்ப்பவர், இரண்டு மூன்று ஆள்காரர்கள் எல்லாரும் வந்து உட்காருவார்கள். உர அளவு சொல்லும்போது பெரியப்பா பேச்சை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்குவார். பிறகு சுண்ணாம்புக் கட்டியால் பத்தாயத்துப் பலகையில் கிறுக்குவார். அந்தப் பலகை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. எண்கள் அழிந்துவிட்டன, ‘27’ மட்டும் மங்கலாகத் தெரிகிறது.

கூடி உட்கார்ந்து கேட்பது எங்கள் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. 1956இல் புனாவில் யுனெஸ்கோ துணையோடு ஒரு சோதனை நடந்தது. 5 மாவட்டங்களில் 150 ஊர்களில் கேட்போர் குழு அமைத்து, மராத்தியில் ஒலிபரப்பினார்கள். கேட்டார்கள், விவாதித்தார்கள், சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதினார்கள். அதற்குப் பதில் ஒலிபரப்பிலேயே வந்தது. வேளாண் வானொலியின் உயிர் அந்தத் திரும்பி வரும் கடிதத்தில்தான் இருந்தது என்பது என் எண்ணம். தொலைக்காட்சி பின்னால் வந்தது. டெல்லியைச் சுற்றிய 80 ஊர்களுக்கு 1967 ஜனவரி 26 அன்று ‘கிருஷி தர்ஷன்’ என்ற வேளாண் நிகழ்ச்சி தொடங்கியது. சென்னைத் தொலைக்காட்சி வர 1975 ஆகிவிட்டது. பிறகு ‘வயலும் வாழ்வும்’ நம் வீடுகளுக்கு வந்தது. படத்தில் பூச்சியைக் காட்ட முடிந்தது பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் டெல்டாவில் குறுவையை மாற்றியது காதால் கேட்டதுதான்.

ரகத்தை உருவாக்கிய விஞ்ஞானிகளின் பக்கம் நூல்களில் இருக்கிறது. விதைத்தவர்களின் பக்கம் அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. 1966இல் இருபது வயதில் நாற்றுக் கட்டு சுமந்தவருக்கு இப்போது எண்பது. என் பெரியப்பாவிடம் ஒருநாள் கூட இதையெல்லாம் நான் கேட்டுப் பதிந்து வைக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒலிப்பதிவுக் கருவியோடு ஆடுதுறை, பாபநாசம், மன்னார்குடி பக்கத்து ஊர்களுக்கு வாருங்கள். நிலம் வைத்திருந்தவர்களை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். நடவு நட்ட பெண்களையும் தேடிப் போய்க் கேளுங்கள். முதல் வருஷம் யார் நம்பினார்கள், யார் ‘ரேடியோக்காரன் பேச்சைக் கேட்டு வயலைக் கெடுக்காதே’ என்று தடுத்தார்கள்? ஐப்பசி மழையில் அறுத்த ஈர நெல்லை எங்கே காய வைத்தார்கள்? பழைய குறுவைச் சோற்றுக்கும் இதற்கும் ருசியில் என்ன வித்தியாசம்? கூலி ஏறியதா? அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே, திருத்தாமல், ஒலிபரப்புங்கள். பதிவுகளைப் பத்திரப்படுத்தி யாரும் கேட்கும்படி வையுங்கள்.

சித்திரையில் வந்தால் நல்லது. வயலில் வேலை குறைவு, பெரியவர்கள் திண்ணையில்தான் இருப்பார்கள். எங்கள் ஊருக்கு வந்தால் வீடு வீடாக நானே அழைத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
டெல்டாவிலிருந்து ஒரு நேயர்