லோட்வாரிலிருந்து அப்பாவுக்கு

லோட்வார், கென்யா
20 நவம்பர் 2022

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, அப்பத்தா எல்லோரும் நலம்தானே? போனில் சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். "ஒரு வறண்ட காட்டில் பிறந்து, படித்து, இன்னொரு வறண்ட காட்டுக்கா வேலைக்குப் போவாய்? அங்கே அப்படி என்னதான் வேலை?" என்று கேட்டீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம். தம்பியை வாசிக்கச் சொல்லுங்கள். கண்ணாடியை இன்னும் மாற்றவில்லையாமே, அம்மா சொன்னாள்.

முதலில் ஊரைச் சொல்கிறேன். நைரோபியிலிருந்து சின்ன விமானத்தில் வடக்கே ஒன்றரை மணி நேரம். இது துர்கானா மாவட்டத்தின் தலைநகரம். மாவட்டம் என்றால் நம் கணக்கில் இல்லை. பரப்பு தமிழ்நாட்டில் பாதிக்கு மேல் வரும், சனம் 2019 கணக்கெடுப்புப்படி 9 லட்சத்து 27 ஆயிரம்தான். விமானத்தைவிட்டு இறங்கியதும் முகத்தில் அடித்த காற்று, சித்திரை மாதம் கமுதியில் பஸ்ஸைவிட்டு இறங்குவது மாதிரியே இருந்தது. சுற்றிப் பார்த்தால் சீமைக் கருவேலம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே அதற்கு 'மதெங்கே' என்று பெயர். பாலைவனம் பரவாமல் தடுக்கலாம் என்று நாற்பது வருசத்துக்கு முன்னால் கொண்டுவந்து நட்டார்களாம், அப்புறம் நம்மூர்க் கதைதான். தெற்கே பரிங்கோ பக்கத்து ஆட்கள், இந்தக் காயைத் தின்று பல் போன ஆடு ஒன்றைச் சாட்சியாக நீதிமன்றத்துக்கே கூட்டிப்போனார்கள். நம் ஆட்கள் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை.

ஆற்றோரம் பனையும் உண்டு. ஆனால் கிளைவிட்ட பனை, கவட்டை கவட்டையாக நிற்கும். அதன் பழத்தை 'எங்கோல்' என்கிறார்கள். வறட்சி வந்துவிட்டால் பிள்ளைகளுக்கு அதுதான் சாப்பாடு, கல் மாதிரி இருப்பதைத் தட்டித் தட்டிக் கடித்துக்கொண்டே திரிவார்கள். எனக்குச் சாப்பாட்டுக்குக் குறையில்லை. உகாலி என்று மக்காச்சோள மாவைக் கிண்டித் தருகிறார்கள், நம் களிதான். தொட்டுக்கொள்ள ஒரு கீரை, அதன் பெயருக்கு 'வாரத்தை ஓட்டு' என்று அர்த்தம். அம்மா கேட்டால் சிரிப்பாள்.

சரி, வேலை. நான் மூட்டை தூக்குவதில்லை. மூட்டை எங்கே போகவேண்டும், எங்கே ஏற்கெனவே போயிருக்கிறது, யாருக்கு இன்னும் போகவில்லை என்று பார்ப்பதுதான் என் வேலை. இங்கே அரசாங்கம், ஐ.நா. அமைப்புகள், செஞ்சிலுவைச் சங்கம், சர்ச், எங்களைப் போன்ற தொண்டு நிறுவனங்கள் என்று பல கை. எல்லோருக்கும் நல்ல மனசுதான், ஆனால் எல்லோர் கண்ணிலும் ரோட்டோரத்து ஊர்தான் படுகிறது. போன மாசம் ஒரே ஊருக்கு ஒரே வாரத்தில் இரண்டு தண்ணீர் லாரி போய் நின்றது. அங்கிருந்து மூன்று மணி நேரம் மணலுக்குள் போனால் இருக்கிற ஊருக்கு ஒன்றும் போகவில்லை. பந்தியில் முதல் இலைக்கு இரண்டு பேர் பாயசம் ஊற்ற, கடைசி இலைக்குச் சோறே வராமல் போகுமே, அதுதான். நான் பந்தி விசாரிக்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, யார், எங்கே, என்ன, எப்போது என்று ஒரு பெரிய தாளை நிரப்பவைப்பேன். நிரப்பாதவர்களை விடமாட்டேன். பின்னால் என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கு வேண்டாம்.

அந்த லாரி போகாத ஊருக்கு நானே போனேன். ஆறு மணலாகக் கிடக்கிறது. பெண்கள் அதில் ஊற்றுத் தோண்டியிருக்கிறார்கள். ஒரு ஆள் ஆழம். உள்ளே ஒரு பெண் இறங்கி நின்று தகரக் குவளையால் மோந்து மேலே நீட்ட, மேலே இருப்பவள் வாங்கி மஞ்சள் கேனில் ஊற்றுகிறாள். நாலைந்து குவளை எடுத்ததும் கலங்கிவிடும், ஊறி வரக் காத்திருக்கவேண்டும். குண்டாற்று மணலில் அப்பத்தா கொட்டாங்குச்சியால் மோந்து மோந்து குடத்தை நிரப்பும் என்பீர்களே, அது கண்முன்னால் நின்றது. நானும் உட்கார்ந்து காத்திருந்தேன். 20 லிட்டர் கேன் நிறைவதற்குள் என் மொபைல் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

நீங்கள் உடனே "போர் போடவேண்டியதுதானே" என்பீர்கள். போட்டுத்தான் இருக்கிறார்கள். 2013இல் லோட்டிகிப்பி என்ற இடத்தில் பூமிக்கடியில் பெரிய நீர்த்தேக்கம் இருப்பதாகச் செயற்கைக்கோளை வைத்துக் கண்டுபிடித்து, உலகமெங்கும் செய்தி வந்தது. அப்புறம் தோண்டிச் சோதித்துப் பார்த்தால் உப்பு. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இங்கே உண்டு. வறட்சிக்கென்றே நாட்டளவில் தனி ஆணையம் வைத்திருக்கிறார்கள். மாசாமாசம் ஒவ்வொரு வறண்ட மாவட்டத்துக்கும் அறிக்கை வரும்: இயல்பு, விழிப்பு, அபாயம், அவசரம், மீட்சி என்று ஐந்து கட்டம். செயற்கைக்கோள் மேலிருந்து புல்லின் பச்சையை அளக்கிறது. அந்த எண் 35க்குக் கீழே போனால் வறட்சி தொடங்கிவிட்டது, 20க்குக் கீழே கடுமை, 10க்குக் கீழே படுமோசம். கீழே களத்தில் ஆட்கள் வேறு சில கணக்கு எடுக்கிறார்கள். தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், ஒரு ஆட்டை விற்றால் எத்தனை கிலோ மக்காச்சோளம் கிடைக்கிறது. இந்தக் கடைசிக் கணக்கைப் போட்டவர் யாரானாலும் விவசாயி வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும். இங்கே ஏழைக் குடும்பங்களுக்கு இரண்டு மாசத்துக்கு ஒருமுறை 5,400 ஷில்லிங் வங்கிக் கணக்கில் போடுகிற திட்டம் ஒன்று இருக்கிறது. பச்சையின் எண் சரிந்தால், வழக்கமாக வாங்காத குடும்பங்களுக்கும் அந்தப் பணம் போக வழி வைத்திருக்கிறார்கள். யாரும் மனுப் போட்டு நிற்கவேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கும் ஒரு அளவு இருக்கிறது. மேற்கையைச் சுற்றி ஒரு நாடாவைப் போட்டுப் பார்ப்பார்கள். 12.5 சென்டிமீட்டருக்கு மேலே பச்சை, 11.5க்குக் கீழே சிவப்பு. 11.5 என்றால், நீங்கள் ராத்திரி வயலுக்கு எடுத்துப்போகிற டார்ச் லைட்டின் கைப்பிடி அளவு. சிவப்பு வந்த பிள்ளைக்கு நிலக்கடலைப் பசை பாக்கெட் தருவோம், ஒன்று 92 கிராம், 500 கலோரி. கடலை மிட்டாயைப் பால்பவுடரோடு அரைத்த மாதிரி இருக்கும். ஒரு பிள்ளை பாக்கெட்டைக் காலி செய்துவிட்டு உறையைத் திருப்பி நக்கிக்கொண்டிருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதவில்லை.

மழைக்காலம் தொடங்குமுன் ஒரு கூட்டம் நடக்கும். வானிலை அதிகாரி கம்ப்யூட்டரோடு வருவார், ஊர்ப் பெரியவர்களும் வருவார்கள். இங்கே ஆட்டை அறுத்துக் குடலை விரித்துப் பார்த்து மழை சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். நம் சித்திரை மாதப் பஞ்சாங்க வாசிப்பு மாதிரி என்று நினைத்தேன், ஆனால் இது இன்னும் நுணுக்கம். எந்த மடிப்பு எந்தத் திசைப் புல்வெளி, எந்த நரம்பு எந்த ஆறு என்று ஒரு பெரியவர் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அதிகாரி குறுக்கே பேசவில்லை. கடைசியில் இரண்டு பேரும் சொன்னது ஒன்றே: மழை குறைவு. பெரியவர் என்னைப் பார்த்து, "உன் ஊரில் எதை வைத்துச் சொல்வார்கள்?" என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போவதைச் சொன்னேன். தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

ஆக, தகவல் குறைவே இல்லை. குறை வேறு இடத்தில். 2020 கடைசியிலிருந்து நாலு பருவமழை பொய்த்துவிட்டது, இப்போது ஐந்தாவதும் கையை விரித்துக்கொண்டிருக்கிறது. நாற்பது வருசத்தில் இப்படிப் பார்த்ததில்லை என்கிறார்கள். போன வருசம் செப்டம்பரிலேயே ஜனாதிபதி தேசியப் பேரிடர் என்று அறிவித்துவிட்டார். இந்த வருசம் நாங்கள் ஒரு திட்டம் எழுதினோம். ஆடுமாடு இன்னும் நிற்கும்போதே நல்ல விலைக்கு வாங்கி, அறுத்து, கறியை ஊர் ஏழைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கொடுப்பது. விற்றவன் கையில் காசு, ஊர் வயிற்றில் கறி, மிச்சம் இருக்கிற ஆட்டுக்குப் புல். ஜூன் மாசம் அனுப்பினோம். பணம் தருகிற அலுவலகம் இன்னும் கொஞ்சம் ஆதாரம் கேட்டது. அனுப்பினோம். பட்ஜெட்டில் ஒரு வரியைத் திருத்தச் சொன்னது. திருத்தினோம். அக்டோபர் கடைசியில் பணம் வந்தது. நாங்கள் சந்தை போட்ட அன்றைக்கு வந்த ஆடுகளில் பாதியைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். ஒரு கிழவர் மூன்று ஆட்டுத் தோலை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வந்து, இதையாவது வாங்குவீர்களா என்று கேட்டார். எங்கள் பட்ஜெட் தாளில் தோல் வாங்க இடமில்லை, அப்பா. என் பையிலிருந்து கொடுத்தேன், அதுவும் சரியில்லை என்று தெரிந்துதான் கொடுத்தேன்.

நான் இந்த வேலைக்கு வருமுன் பயிற்சியில் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். சோமாலியாவில் 2011 ஜூலையில் பஞ்சம் என்று அறிவித்தார்கள். எச்சரிக்கை 2010 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. செத்தவர்கள் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பேர், பாதிக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

சந்தை போட்ட அன்றைக்கு ராத்திரி எனக்கு நம் மாடுகள் மயிலையும் காரியும் ஞாபகத்துக்கு வந்தன. 2016 ஐப்பசியில் மழை இல்லை. கார்த்திகையில் பார்க்கலாம் என்றீர்கள். மார்கழியில் ஒரு மழை கட்டாயம் வரும் என்றீர்கள். வைக்கோல் தீர்ந்து, தை கடைசியில் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனீர்கள். கிடைத்த காசை அம்மாவிடம்கூட எண்ணிக் காட்டவில்லை. நான் அப்போது உங்கள்மேல் கோபமாக இருந்தேன், ஐப்பசியிலேயே ஏன் விற்கவில்லை என்று. இங்கே வந்து ஒரு பழைய கோப்பைப் பார்த்தேன். அதே 2016 ஐப்பசி, கார்த்திகையில் இங்கேயும் மழை பொய்த்திருக்கிறது. 2017 ஜனவரி 10 அன்று தமிழ்நாட்டை வறட்சி மாநிலம் என்று அறிவித்தார்கள், சரியாக ஒரு மாசம் கழித்து பிப்ரவரி 10 அன்று கென்யா அறிவித்தது. நமக்கும் இவர்களுக்கும் நடுவில் இருப்பது ஒரே கடல்தான், அது சூடாவதும் குளிர்வதும் இரண்டு கரையிலும் தெரிகிறது. எப்போதும் ஒத்துப்போகாது. போன வருசம் நமக்கு வெள்ளம், இவர்களுக்கு வறட்சி. ஆனாலும் அந்த வருசம் நீங்கள் தொழுவத்தில் நின்று வானத்தைப் பார்த்த அதே வாரங்களில் இங்கே ஒருவர் தன் பட்டியில் நின்று பார்த்திருப்பார். நீங்கள் காத்திருந்தது மாட்டின்மேல் வைத்த பாசத்தால். அந்த அலுவலகம் எதனால் காத்திருந்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உங்கள்மேல் இருந்த கோபம் போய்விட்டது, அதை போனில் சொல்ல வரவில்லை.

அப்புறம், நான் அனுப்பிய பணத்தில் இருபது ஆடு வாங்கப்போவதாகச் சொன்னீர்கள். பத்து வாங்குங்கள். மிச்சத்தை அம்மா பெயரில் போட்டுவையுங்கள். கருவேலங்காயை அப்படியே தின்னவிடாமல் இடித்துப் போடச் சொல்லுங்கள். இங்கே அப்படித்தான் செய்கிறார்கள், பல்லும் தப்பும், விதையும் பரவாது. கண்மாய்க்குத் தண்ணீர் வந்துவிட்டதா, எந்த மடை வரை நிற்கிறது என்று தம்பியை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இங்கே ஒருவருக்குக் காட்டவேண்டும், அந்தக் குடல் பார்க்கிற பெரியவருக்கு. அவ்வளவு தண்ணீர் ஒரே இடத்தில் நிற்கும் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

உங்கள் மகள்
செல்வி