வேர்க்குமுன் கழற்று

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். மூன்று நாளாக மழை விடவில்லை. தாளடி நட்டு இருபது நாள்தான் ஆகிறது, பயிர் முங்கிவிடக் கூடாதே என்று காலையிலேயே போய் வடிகாலை வெட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். வெண்ணாற்றில் கரையைத் தொட்டுத் தண்ணீர் போகிறது.

டிசம்பர் கடைசியில் இமயமலையில் கேதார்காந்தா மலை ஏறப் போவதாக நீ போனில் சொன்னதிலிருந்து அம்மாவுக்கு ஒரே கவலை. எனக்கும் கவலைதான். ஆனால் போகாதே என்று சொல்ல மனசு வரவில்லை. லடாக்கில் இரண்டு குளிர்காலம் இருந்தவன் நான். விடியற்காலையில் பனிமலை மேல் வெயில் விழுவதைப் பார்த்தவனுக்கு இன்னொருத்தரைத் தடுக்க வாய் வராது. நல்லபடியாகப் போய் வா. துணிமணி விஷயத்தில் மட்டும் நான் சொல்வதைக் கேட்டுக்கொள். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், பை கட்டும்போது எடுத்துப் படித்துக்கொள்ளலாம்.

நல்ல தடிமனாக ஒரு ஜாக்கெட் வாங்கிவிட்டேன், அது போதும் என்றாய். போதாது. ஜாக்கெட் சரியில்லை என்று சொல்லவில்லை. ஒரே தடித்த துணியை நம்பி மலையேறக் கூடாது என்கிறேன்.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது விதைநெல் மூட்டைக்குள் கையை விட்டு, "சுடுதுப்பா" என்று இழுத்துக்கொள்வாயே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாள் ஊறப்போட்டு, தண்ணீரை நன்றாக வடியவிட்டு, சாக்கில் கட்டி, மேலே வைக்கோலைப் பரப்பி வைப்போம். மறுநாள் உள்ளே அடுப்பு மூட்டினாற்போல் இருக்கும். அந்தச் சூடு வைக்கோலுடையது இல்லை, முளைக்கிற நெல்லுடையது. வைக்கோல் செய்வதெல்லாம், தனக்குள் இருக்கிற காற்றை அசையவிடாமல் பிடித்துவைத்து, சூட்டை வெளியே போகாமல் காப்பதுதான். கம்பளியும் அப்படித்தான். எந்தத் துணியும் சூடு தராது. சூடு உன் உடம்பு தருவது. துணி அதைக் காக்கும், அவ்வளவுதான். இரண்டு துணிக்கு நடுவில் நிற்கிற காற்றும் உனக்கு ஒரு சட்டை. அதனால்தான் தடித்தது ஒன்றைவிட மெல்லியது மூன்று நல்லது, தேவைக்கு ஏற்றபடி கழற்றவும் போடவும் முடியும்.

இன்னொன்றும் உனக்குத் தெரியும். தண்ணீர் சரியாக வடியாத மூட்டை என்ன ஆகும்? சூடேறாது, புளித்த வாடை வரும், விதை வீண். மலையில் உனக்கு அந்தத் தண்ணீர், உன் வேர்வை. காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். நனைந்த துணியைப் போட்டுக்கொண்டு நிற்பது, உடம்புச் சூட்டை வாய்க்கால் வெட்டி வெளியே விடுவது மாதிரி.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. லடாக்குக்குப் போன முதல் குளிர்காலம். அதிகாலையில் சுமையோடு ஒரு மேடு ஏற வேண்டும். ஊரிலிருந்து கொண்டுபோன பருத்திப் பனியன், அதன்மேல் சட்டை, கம்பளி ஜெர்சி, எல்லாவற்றுக்கும் மேலே பெரிய கோட்டு. கிளம்பும்போது குளிர்கிறதே என்று எதையும் கழற்றாமல் ஏறினேன். பாதி ஏற்றத்தில் முதுகில் வேர்வை ஓடியது, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மேலே போய் நின்றோம். கால் மணி நேரம் ஆகியிருக்காது, பனியன் முதுகில் ஈரக் கோணியாக ஒட்டிக்கொண்டது. கோட்டுப் பொத்தானைப் போடப் பார்க்கிறேன், விரல் சொன்னபடி கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த ஹவில்தார் என்னிடம் ஏதோ கேட்டார், பதில் சொன்னால் நாக்கு குழறுகிறது. அவர் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைப் பாறை மறைவுக்கு இழுத்துப்போய், அந்தக் குளிரிலேயே பனியனைக் கழற்றிப்போட்டுவிட்டு, தன் பையில் இருந்த காய்ந்த கம்பளிப் பனியனை எனக்கு மாட்டி, பிளாஸ்கில் இருந்த டீயை ஊற்றிக் கொடுத்தார். கழற்றிப்போட்ட பனியன் சற்று நேரத்தில் அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. அவர் கட்வால்காரர், உத்தரகாசிப் பக்கம். நீ போகிற மலையும் அந்த மாவட்டம்தான். அவர் அன்று சொன்னதைத்தான் உனக்கும் சொல்கிறேன்: வேர்க்குமுன் கழற்று, குளிருமுன் போடு.

அதனால் உடம்போடு ஒட்டிய துணி பருத்தியாக இருக்கவே கூடாது. திருப்பூர் பனியன் நம்ம ஊருக்கு ராஜா, வேர்வையை உறிஞ்சித் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு நம்மைக் குளிர்விக்கும். வெயிலில் அது வரம், பனியில் அதுவே வினை. மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ வாங்கு. மேலுக்கு இரண்டு, காலுக்கு இரண்டு. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை இழுத்துக்கொண்டும் தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது, வாடையும் அடிக்காது. பாலியெஸ்டர் விலை குறைவு, சீக்கிரம் காயும், ஆனால் நாறும். எதுவானாலும் சரி. உள்ளாடையும் பருத்தி வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னாள். ஜீன்ஸ் பக்கமே போகாதே.

திருபுவனம் பட்டு ஆகாதா என்றும் அம்மா கேட்டாள். பட்டு நல்லதுதான். 1924-ல் எவரெஸ்ட் ஏறப்போய்க் காணாமல்போன மல்லோரி என்கிற வெள்ளைக்காரரின் உடல் 1999-ல் கிடைத்தது. பட்டு, பருத்தி, கம்பளி என்று மெல்லிய துணிகளை அடுக்கடுக்காகப் போட்டு, மேலே காபர்டின் என்கிற நெருக்கமாக நெய்த துணியில் கோட்டு போட்டிருந்தார் மனிதர். அதே மாதிரி தைத்து 2006-ல் எவரெஸ்டிலேயே போட்டும் பார்த்திருக்கிறார்கள். அடுக்கு என்பது நேற்று வந்த யோசனை இல்லை. ஆனால் அம்மாவின் புடவையை நீ கேட்டுவிடாதே.

உடம்போடு ஒட்டிய துணிக்குமேல் ஃப்ளீஸ் ஒன்று, பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும் பாலியெஸ்டர் சட்டை. நடக்கும்போது உனக்கு அனேகமாக இது போதும். நீ வாங்கிய தடித்த ஜாக்கெட் உள்ளே தூவி, அதாவது வாத்தின் மெல்லிய உள்ளிறகு, அடைத்ததா என்று பார். அறுப்பு முடிந்த வயலில் மேய்கிற வாத்தை நினைத்துக்கொள். நாளெல்லாம் தண்ணீரில் கிடந்தாலும் மேல் இறகு நனையவிடாததால்தான் உள்ளே இருக்கிற தூவி உப்பலாக நிற்கிறது. ஜாக்கெட்டில் இருக்கிற தூவி நனைந்தால் சுருண்டுவிடும், அப்புறம் அது வெறும் பை. அதைப் போட்டுக்கொண்டு ஏறாதே. நின்றால், உட்கார்ந்தால், கூடாரத்துக்கு வந்தால் உடனே எடுத்துப் போடு. பையில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும்.

கடைசியாகக் காற்றுக்கும் பனிக்கும் ஒரு மேலுறை. போன மாதம் நடவுக்கு வந்தவர்கள் உரச்சாக்கை மடித்துத் தலையிலும் முதுகிலும் கொங்காணி போட்டிருந்தார்கள். மழை ஒரு சொட்டு உள்ளே வராது. ஆனாலும் ஒரு மணி நேரத்தில் எல்லாருக்கும் முதுகு நனைந்திருந்தது. அது உள்ளிருந்து வந்த ஈரம். முன்னெல்லாம் கோணிச்சாக்குக் கொங்காணிதான், மழையில் கனத்துப்போகும், ஆனால் இப்படிப் புழுங்காது. வெறும் பிளாஸ்டிக் மழைக்கோட்டு உனக்கு அந்த உரச்சாக்கு மாதிரிதான். ஆவியை வெளியே விடுகிற துணியாக, அக்குளில் ஜிப் வைத்ததாகப் பார்த்து வாங்கு. மற்றதையெல்லாம் உள்ளே போட்டுக்கொண்டும் கையைத் தூக்க முடிய வேண்டும், அதனால் ஒரு அளவு பெரிதாக எடு.

இவ்வளவு எதற்கு என்று தோன்றும். ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் குளிர் கூடும். நீங்கள் ஏறத் தொடங்கும் சாங்க்ரி கிராமம் ஏறக்குறைய 6,400 அடி, உச்சி 12,500. விடியுமுன் கிளம்பி உச்சிக்குப் போவீர்கள். மைனஸ் 10 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், உடம்புக்கு அது மைனஸ் 20. நம்ம ஊர் மார்கழிப் பனிக்கு மப்ளர் சுற்றுகிற நாம் அதை மனசில்கூட நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் அந்த நேரத்திலும், நடக்கத் தொடங்கும்போது உனக்கு லேசாகக் குளிர வேண்டும். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் ஒரு துணி கூடுதல் என்று அர்த்தம். பத்து நிமிடம் நடந்ததும் நின்று சரிபார். கூட வருகிறவர்கள் காத்திருக்கட்டும், கூச்சப்படாதே.

காலுக்கு: மெல்லிய சாக்ஸ் ஒன்று, அதன்மேல் கம்பளி சாக்ஸ் ஒன்று. ஷூவுக்குள் விரல் தாராளமாக அசைய வேண்டும். இறுக்கினால் ரத்தம் ஓடாது, எத்தனை சாக்ஸ் போட்டும் பயனில்லை. கைக்கும் இதே போல இரண்டு. உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்று அந்தக் காலத்தில் எங்களுக்குச் சொல்லுவார்கள், அது சரியில்லை, பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் போகும். இருந்தாலும் குல்லா வேண்டும், ஏனென்றால் நடந்துகொண்டே கழற்றிப் போட அதைவிட லேசானது வேறில்லை.

தூங்குவதற்கென்று ஒரு செட் தனியாக, பிளாஸ்டிக் பையில் கட்டி வை. என்ன ஆனாலும் பகலில் அதைத் தொடாதே. மூக்கையும் வாயையும் தூக்கப் பைக்குள் புதைத்துக்கொண்டு தூங்காதே, மூச்சு ஈரத்திலேயே பை நனைந்துவிடும். விரல் மரத்தாலோ, நடுக்கம் நிற்காவிட்டாலோ, உடனே வழிகாட்டியிடம் சொல். உன்கூட வருகிறவர் பேச்சு குழறினாலும் நீதான் சொல்ல வேண்டும், அவருக்குத் தெரியாது.

கூரியரில் இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் அனுப்பியிருக்கிறேன். கூடவே அம்மா பொரிவிளங்காய் உருண்டை வைத்திருக்கிறாள், ஜாக்கெட் பையில் போட்டுக்கொள், பனியிலும் அது கெடாது.

வருகிற ஞாயிறு விடியற்காலை இதையெல்லாம் போட்டுக்கொண்டு, மலைக்குக் கொண்டுபோகிற சுமையோடு சிங்ககட் கோட்டைக்கு ஒருமுறை ஏறிப் பார். பூனாவிலும் இப்போது காலையில் குளிர்தானே. எந்த இடத்தில் வேர்க்க ஆரம்பித்தது, அப்போது என்ன போட்டிருந்தாய் என்று சாயங்காலம் போன் பண்ணு. காத்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அப்பா