கற்கச் சொல்பவர்கள் நேரமும் தர வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாறிவரும் வேலைச் சந்தை பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பணியில் சேர்ந்த பிறகும் படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்தப் படிப்புக்கான நேரத்தை யார் தருவது என்ற கேள்வியைக் கட்டுரை தொடவே இல்லையே!

அச்சாகும் முன் பிழை பார்க்கும் மெய்ப்புத் திருத்துபவன் என்பதால் அச்சுத் தொழிலையே சொல்கிறேன். பேஜ்மேக்கர் மென்பொருள் 1985இல் வந்தது. அதன் பிறகு பக்கம் அமைக்கும் வேலை மெல்ல மெல்லக் கணினிக்குப் போய்விட்டது. எழுத்துப் பெட்டியின் எந்த அறையில் எந்த ஈய எழுத்து கிடக்கிறது என்று பார்க்காமலே எடுக்கும் கைப்பழக்கத்துக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் வரிகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவது, சொல்லை எங்கே உடைப்பது, பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் முன்பு போலவே தேவைப்பட்டன. ஈய எழுத்துகளைக் கோத்துவந்த அச்சுக்கோப்பாளர் கணினியையும் பழகிக்கொண்டபோது அத்தனை வருட அனுபவத்தையும் கூடவே கொண்டுவந்தார். நாற்பது வயதைத் தாண்டியவருக்குப் பயிற்சி எதற்கு என்று கேட்கும் நிர்வாகிகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பயிற்சி என்ற பெயரில் நடப்பதும் கவலை தருகிறது. விடுமுறை நாளில் கூட்டி வைத்து, காலை முதல் மாலை வரை பேசி, சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படிப்பதே நினைவில் தங்கும் என்று ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே எழுதிவிட்டார். வாரந்தோறும் சில மணி நேரம், அதுவும் பணி நேரத்திலேயே கிடைத்தால்தான் படித்தது கைக்கு வரும். இரவுப் பணி முடித்து வருபவரையும், வீட்டு வேலை முழுவதையும் தலையில் சுமக்கும் பெண்ணையும் ‘ஓய்வு நேரத்தில் படி’ என்று சொல்வது அநியாயம். அவர்களுக்கு ஓய்வு எங்கே இருக்கிறது?

இது புதிய கோரிக்கையும் அல்ல. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1974இல் நிறைவேற்றிய 140ஆவது உடன்படிக்கை, ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்பைப் பற்றியதுதான். வேலை நேரத்தில், போதிய பண உதவியோடு படிக்க விட வேண்டும் என்கிறது அது.

‘திறனை வளர்த்துக்கொள்ளுங்கள்’ என்று அறிவுரை சொல்லும் நிறுவனத் தலைவர்களை அடுத்த முறை தாங்கள் பேட்டி காணும்போது, தம் ஊழியர்கள் படிப்பதற்கு வேலை நேரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டு, அந்தப் பதிலையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்தும் வாசகர் ஒருவர்