பூக்கும் தேதி கேட்ட டீச்சருக்கு

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். நீங்கள் வாட்ஸாப்பில் பேசி அனுப்பியதை மூன்று முறை போட்டுக் கேட்டேன். "ஏப்ரல்ல எந்தத் தேதிக்கு டிக்கெட் எடுத்தா பூ முழுசா இருக்கும், கரெக்டா சொல்லுடி" என்று கேட்டிருந்தீர்கள். ஜப்பானின் சகுரா, அதாவது செர்ரிப் பூ, பற்றிய இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை. இதே கேள்வியை இன்னும் பலர் கேட்டிருப்பதால் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதுகிறேன். நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

டோக்கியோவிலோ ஒசாகாவிலோ ஒரு பூங்காவில் பூ பார்த்தால் போதும் என்றால் ஏறக்குறையத் தேதி சொல்லிவிடலாம். அங்கே வரிசை வரிசையாக நிற்பதில் பெரும்பாலானவை சோமெய் யோஷினோ என்கிற ஒரே ரகம். எல்லாம் ஒட்டுக்கட்டி வளர்த்தவை. மரபணுவைப் பார்த்தால் அத்தனையும் ஒரே மரம்தான். அதனால் ஓர் ஊரில் உள்ள மரமெல்லாம் சேர்ந்தாற்போல் பூத்து, சேர்ந்தாற்போல் கொட்டும். வானிலைத் துறை ஒவ்வொரு பகுதியிலும் ஒரு மரத்தை அடையாளம் வைத்திருக்கிறது. அதில் ஐந்தாறு பூ விரிந்தால் அந்தப் பகுதியில் சகுரா பூத்துவிட்டதாக அறிவிப்பு வரும். செய்திகளில் நீங்கள் பார்க்கும் தேதி அதுதான்.

நான் உங்களைக் கூட்டிப்போக ஆசைப்படுவது நாரா மாகாணத்து யோஷினோ மலைக்கு. அங்கே சுமார் 30,000 மரங்கள். பெரும்பாலும் யமாசகுரா, அதாவது மலைச் செர்ரி. விதை முளைத்து வளர்ந்தவை. கொட்டை போட்டு முளைத்த மாமரம் தாய்மரம் மாதிரியே காய்க்கும் என்று நம்பிவிடாதே என்று ஒன்பதாம் வகுப்பில் நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கதைதான் இங்கேயும். ஒரு மரம் பால் வெள்ளை, பக்கத்து மரம் லேசான ரோஸ். ஒன்று இன்று பூத்தால் அடுத்தது நாலு நாள் கழித்துப் பூக்கும். இந்த மலையின் பெயரைத்தான் அந்த நகரத்து ரகத்துக்கும் வைத்திருக்கிறார்கள். அது உண்மையில் எடோ, அதாவது இன்றைய டோக்கியோவை ஒட்டியிருந்த சோமெய் கிராமத்துத் தோட்டக்காரர்கள் வளர்த்துப் பரப்பிய மரம். யோஷினோ அன்றைக்கே சகுராவுக்குப் பேர்போன இடம் என்பதால் அந்தப் பெயரிலேயே விற்றிருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு என்று தெரிவதற்காக 1900இல்தான் முன்னால் 'சோமெய்' சேர்ந்தது.

வித்தியாசம் கண்டுபிடிக்க உங்களுக்கு லென்ஸ்கூடத் தேவைப்படாது. நகரத்து மரம் மொட்டைக் கிளையில் பூவை மட்டும் சுமந்து நிற்கும், இலை பிறகுதான் வரும். மலைச் செர்ரியில் பூவும் தளிரும் ஒன்றாக வரும். அந்தத் தளிர் அச்சு அசல் மாந்தளிர் நிறம்! தூரத்திலிருந்து பார்த்தால் மலை முழுக்க வெறும் வெள்ளையாகத் தெரியாது. வெள்ளைக்குள் செம்பும் பழுப்பும் கலந்து, நடுநடுவே ஊசியிலை மரங்களின் கரும்பச்சை. புகைப்படங்களில் இளஞ்சிவப்பை அள்ளிப் பூசிவிடுகிறார்கள். அதை நம்பி வராதீர்கள் டீச்சர். நேரில் இருப்பது அதைவிட மென்மையான நிறம்.

இனி தேதி. மலையை நான்காகப் பிரித்துச் சொல்வார்கள்: ஷிமோ செம்போன், நாகா செம்போன், காமி செம்போன், ஓகு செம்போன். கீழ் ஆயிரம், நடு ஆயிரம், மேல் ஆயிரம், உள் ஆயிரம் என்று நான் தமிழாக்கி வைத்திருக்கிறேன். அடிவாரத்து ரயில் நிலையத்துக்கும் உள் ஆயிரத்துக்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம். நூறு மீட்டருக்கு அரை டிகிரிக்குச் சற்று மேல் குறையும் என்று கணக்குப் போட்டால், மேலே மூன்று டிகிரி குளிர் கூடுதல். அதனால் பூ அடிவாரத்தில் தொடங்கி மலை ஏறிப் போகும். ஏப்ரல் தொடக்கத்தில் கீழே, மாத நடுவைத் தாண்டும்போது உச்சியில். வருஷத்துக்கு வருஷம் சில நாள் முன்னே பின்னே ஆகும்.

முதல் வருஷம் இது எனக்குத் தெரியாது. ஒசாகாவில் பூ உச்சத்தில் இருந்த அன்றே போனேன். கீழ் ஆயிரத்தில் பாதி விரிந்திருந்தது, அதற்கு மேலே எல்லாம் மொட்டு. வேலையிலிருந்து எடுத்த ஒரே நாள் லீவு வீணாய்ப் போயிற்று என்று அழுகையே வந்துவிட்டது. அடுத்த வருஷம் பத்து நாள் தள்ளிப் போனேன். கீழே இதழ்கள் கொட்டிப் பாதை முழுக்க வெள்ளை, நடுவில் மரங்கள் காற்றில் உதிர்த்துக்கொண்டிருந்தன, மேல் ஆயிரத்தில் பூ நிறைந்திருந்தது, உள் ஆயிரத்தில் அப்போதுதான் மொட்டு வெடிக்கிறது. ஒரு பூவின் மொத்த ஆயுளையும் ஒரே நாளில் நடந்து பார்த்தேன் டீச்சர். அன்றிலிருந்து முழுசாகப் பூக்கும் தேதியைத் தேடுவதை விட்டுவிட்டேன். ஏப்ரல் முதல் வாரம் முடிந்ததும் வாருங்கள். மலையில் ஏதாவது ஓர் ஆயிரம் உங்களுக்காக இருக்கும்.

இவ்வளவு மரம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அழகுக்காக யாரும் நட்டதில்லை. ஏழாம் நூற்றாண்டில் இந்த மலைகளில் தவம் செய்த எந்நோ க்யோஜா என்கிற துறவிக்கு ஸாஓ கொங்கென் என்ற உக்கிரமான தெய்வம் காட்சி கொடுத்ததாம். அந்த உருவத்தை அவர் சகுரா மரத்தில் செதுக்கினார் என்பது ஐதீகம். அதிலிருந்து சகுரா இங்கே தெய்வ மரம். கும்பிட வந்தவர்கள் காணிக்கையாகக் கன்று நட்டுவிட்டுப் போனார்கள், நூற்றாண்டு நூற்றாண்டாக. நம் தல விருட்சம் மாதிரி என்று சொல்ல வந்தேன். ஆனால் நமக்குக் கோயிலுக்கு ஒரு மரம், இங்கே மலை முழுக்க. பட்டுப்போன கிளையை விறகாக எரித்தால்கூட தெய்வக் குற்றம் என்று சொல்லி வளர்ந்த ஊர் இது.

கின்புசென்ஜி கோயிலின் ஸாஓ மண்டபத்துக்குக் கட்டாயம் போக வேண்டும். சுமார் 34 மீட்டர் உயர மரக் கட்டடம். உள்ளே 68 தூண்கள், பலவற்றை இழைத்து உருட்டாமல் மரத்தின் வளைவோடு அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு தூண் அசேலியா மரம் என்று சொல்கிறார்கள். நம் ஊட்டித் தோட்டங்களில் புதராகப் பார்க்கிற அசேலியா, தூண் கனத்துக்கு! சந்நிதியில் ஏழு மீட்டர் உயரத்துக்கு மூன்று நீலமேனித் தெய்வங்கள். குறிப்பிட்ட நாட்களில்தான் திரை விலகும், அதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்கிறேன். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் பூ மலர்ந்ததைத் தெய்வத்துக்குத் தெரிவிக்க யமாபுஷி என்கிற மலைத் துறவிகள் ஊர்வலமாக வருவார்கள். சங்கு ஊதிக்கொண்டு வருவார்கள் டீச்சர். வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டபோது ஒரு நிமிஷம் எனக்கு எந்த ஊரில் நிற்கிறோம் என்றே புரியவில்லை.

மழை வந்தால் மனம் தளராதீர்கள். 1594இல் ஜப்பானையே ஆண்ட ஹிதெயோஷி 5,000 பேரோடு இங்கே பூ பார்க்க வந்தார். மூன்று நாள் விடாத மழை. நிற்காவிட்டால் மலையையே கொளுத்திவிட்டு இறங்குவேன் என்று அவர் மிரட்டியதாகவும், துறவிகள் பதறிப்போய் வேண்டிக்கொண்டதும் மறுநாள் வெளுத்ததாகவும் கதை. அவர் தங்கிய யோஷிமிஸு கோயில் முற்றத்திலிருந்து பார்த்தால் நடு ஆயிரமும் மேல் ஆயிரமும் ஒரே பார்வையில் விரியும். படியும் அதிகமில்லை, உங்களுக்குத் தோதான இடம்.

உங்கள் மூட்டு வலியை நான் மறக்கவில்லை. ஒசாகா அபேனோபாஷியிலிருந்து கின்தெட்சு விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், இறங்கினால் மலையடிவாரம். அங்கே 1929இல் தொடங்கிய ரோப்வே இருக்கிறது, பூக்காலத்தில் நடு ஆயிரம் வரை பஸ்ஸும் விடுவார்கள். காலையில் வந்து மாலையில் திரும்புவது என்று மட்டும் பிடிவாதம் பிடிக்காதீர்கள். மலை மேலேயே ஒரு ராத்திரி தங்குவோம், கோயில் விடுதிகளும் இருக்கின்றன. பகல் கூட்டம் ஐந்து மணிக்குக் கரைந்துவிடும். பிறகு அந்தக் கடைத்தெருவில் நம் செருப்புச் சத்தம்தான் கேட்கும். விடிகாலையில் பள்ளத்தாக்கில் மூட்டம் இறங்கியிருக்கும், மரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். மறுநாள் பஸ்ஸில் மேலே போய், மெதுவாக இறங்கலாம். மூட்டுக்கு இறக்கம்தான் அதிகப் பகை, கைத்தடி எடுத்து வாருங்கள். ஸ்வெட்டரும் வேண்டும். பூத்த பிறகு திரும்பி வரும் குளிருக்கு ஹனாபியே, பூக்குளிர், என்று இவர்கள் ஒரு பேரே வைத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். ஊரின் பேர்போன பண்டம் சீமைப் பனிச்சை (பெர்சிமன்) இலையில் பொதிந்த சுஷி, அதில் மீன் இருக்கும். நூடுல்ஸ் சாறும் மீனில்தான் ஆரம்பிக்கும். சோறும் ஊறுகாயும் நான் கட்டி எடுத்து வருகிறேன். ஆனால் குஸுகிரி சாப்பிட்டே ஆக வேண்டும். குஸு என்பது அவரைக் குடும்பத்துக் கொடி. அதன் கிழங்கை இடித்து, குளிர்காலத்துத் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசித் தெளியவைத்து மாவு எடுப்பார்கள், நாம் கூவைக்கிழங்கு மாவு எடுப்பது போல. கடைக்கார அம்மா கரைசலைத் தட்டில் ஊற்றி வெந்நீரில் வைப்பார். வெள்ளை போய்க் கண்ணாடியாகும். பச்சைத் தண்ணீரில் நழுவவிட்டு, ரிப்பன் ரிப்பனாக நறுக்கி, கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு பாகோடு தருவார். உடனே சாப்பிட்டுவிட வேண்டும், நேரமானால் மங்கிப்போகும்.

கடைசியாக ஒன்று. உங்கள் பழைய கை லென்ஸை மறக்காமல் எடுத்து வாருங்கள். செர்ரித் தளிரின் காம்பில், இலை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில், குண்டூசித் தலையளவு இரண்டு சிவப்புப் புள்ளிகள் இருக்கும். பூவுக்கு வெளியே தேன் சுரக்கும் சுரப்பிகள். எறும்புக்காக. போன வருஷம் எனக்கு எறும்பு கிடைக்கவில்லை. இந்த முறை நாம் இருவரும் தேடுவோம்.

அன்புடன்,
உங்கள் மாணவி